சர்க்கரை முட்டை

விழா இல்லாத நாடு இல்லை. விழாவுக்கென்று தனியே ஓர் உணவு சமைக்காத வீடும் இல்லை. விழாக்காலத்தில் செய்யப்படும் இனிப்புகள் பெரும்பாலும் உண்டு மகிழ்வதற்கு உரியவை. ஆயின், உண்ணாமல் வைத்துப் பார்த்து மகிழ்வதற்கென்றே சர்க்கரையால் செய்யப்படும் பொருள் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளவேனிற் பருவத்தில் வரும் ஈஸ்டர் திருநாளுக்காக இல்லங்களில் செய்யப்படும் சர்க்கரை முட்டையே அது.

அம்முட்டை வெண்மையாகவோ, இளஞ்சிவப்பு, இளமஞ்சள், வெளிர்நீலம் ஆகிய நிறங்களில் ஒன்றைப் பெற்றோ இருக்கும். அதன் கூர்மையான முனையில் சாளரம் போன்ற சிறு வாயில் ஒன்று இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் அவ்வாயில் வழியே நோக்கினால், உள்ளே ஒரு சிற்றுலகம் தோன்றும். பசுமையான புல்தரை, அதன்மேல் ஒரு முயல், இரண்டொரு கோழிக்குஞ்சுகள், பூத்த செடி, வேலியிட்ட குடில் ஆகிய யாவும் சர்க்கரையால் ஆனவை. முட்டையின் சுவரினூடே மெல்லிய ஒளி கசிந்து உள்ளே பரவும். காலைக் கதிரவன் அப்பொழுதுதான் எழுந்தான் என்னுமாறு அச்சிறு நிலம் விளங்கும்.

ஈஸ்டர் என்பது, சிலுவையில் உயிர்நீத்த இயேசு பெருமான் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறித்தவர்கள் கொண்டாடும் பெருநாள். இது ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதன்று. கி. பி. 325இல் நைசியா நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, எல்லாரும் இந்நாளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என முடிவு செய்தது. இளவேனிலில் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுமதியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது வழக்கில் நிலைத்த விதி. ஆதலால், மேலைத் திருச்சபையினர்க்கு இந்நாள் மார்ச்சு 22க்கு முன்னரும் வாராது. ஏப்ரல் 25க்குப் பின்னரும் வாராது. எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டில் மார்ச்சு 25ஆம் நாள் முழுமதி தோன்றியது. அதனை அடுத்த ஞாயிறாகிய 31ஆம் நாள் ஈஸ்டர் ஆயிற்று.

இந்நாளுக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு யாது? ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பு உண்டு. முற்காலத்தில் அந்நோன்பு நாள்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மக்கள் நோன்பிருந்தாலும் கோழிகள் நோன்பிருப்பதில்லையே! அவை இட்ட முட்டைகள் வீடுகளில் குவிந்தன. நோன்பு முடிந்த நாளில் அவற்றை அவித்தும், வண்ணம் தீட்டியும், ஒருவர்க்கொருவர் வழங்கியும் மகிழ்ந்தனர். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு 18 பென்சு என எழுதப்பட்டுள்ளது. அம்முட்டைகள் பொன் தகடும் வண்ணமும் பெற்று அரண்மனையில் உள்ளார்க்கு அளிக்கப்பட்டன. மேலும், உயிரற்ற கல்போலத் தோன்றும் முட்டையின் ஓட்டை உடைத்துக்கொண்டு உயிருள்ள குஞ்சு வெளிவருகின்றது. மூடிய கல்லறையினின்று பெருமான் எழுந்தமைக்கு அதனை ஓர் அடையாளமாகவும் கொண்டனர்.

காலப்போக்கில் முட்டையின் உருவம் பலவகைப் பொருள்களில் அமைந்தது. உருசியப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் 1885இல் தம் அரசிக்கு ஈஸ்டர் பரிசாக ஒரு முட்டையை அளித்தார். அதனைச் செய்தவர் பாபெர்சே என்னும் பொற்கலைஞர். வெண்ணிறப் பூச்சுடைய அதன் ஓட்டைத் திறந்தால் உள்ளே பொன்னால் ஆன மஞ்சட்கரு; அதனைத் திறந்தால் பொற்கோழி ஒன்று! இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து நிறுவனம் ஒன்று 1873இல் உள்ளீடற்ற சாக்கலேட்டு முட்டையைச் செய்து விற்றது. அரசிக்குப் பொன் முட்டை கிடைத்தது. கடைக்குச் செல்வோர்க்குச் சாக்கலேட்டு முட்டை கிடைத்தது. பொன்னும் வேண்டாம், கடையும் வேண்டாம் எனக் கருதிய இல்லத்துத் தாய்மார்கள் தங்கள் சமையலறையிலேயே செய்துகொண்டது சர்க்கரை முட்டை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்னும் மாநிலத்தில் செருமானியர் வழிவந்தோர் பலர் வாழ்கின்றனர். ஈஸ்டர் முயல் குழந்தைகளுக்கு முட்டை கொண்டுவரும் என்னும் கதையை 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களுடைய முன்னோரே. அம்மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் அறுபத்திரண்டு வயதுடைய மூதாட்டியார் ஒருவர் வாழ்ந்து வந்தார். ஈஸ்டர் வாரத்தில் அவருடைய பேத்தி அவர் இல்லத்துக்கு வந்து தங்குவது வழக்கம். அவளுக்கு வயது பன்னிரண்டு.

அவ்வீட்டில் பழைய சர்க்கரை முட்டை ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டில், மூதாட்டியார் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபொழுது, அவருடைய தாய் செய்து கொடுத்தது அது. உள்ளே பசும்புல்லின் மேல் ஒரு வெள்ளாட்டுக்குட்டி படுத்திருக்கும். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அத்தாய் காலமானார். அதன்பின் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அம்முட்டை பஞ்சில் பொதிந்து, தகரப் பெட்டியில் வைத்து, உலர்ந்த அலமாரியில் காக்கப்பட்டு வந்தது. ஈஸ்டர் நாளில் மட்டும் அதனை எடுத்து உணவு மேசையின் நடுவே வைப்பார்கள். வீட்டார் ஒவ்வொருவரும் ஒருமுறை உள்ளே நோக்குவார்கள். மறுநாள் அது மீண்டும் பஞ்சுக்குள் சென்றுவிடும்.

2024ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை அன்று மூதாட்டியார் பெட்டியைத் திறந்து முட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குச் சென்றார். பேத்திக்கு ஆட்டுக்குட்டியை நன்கு காண வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. சமையலறைச் சாளரத்தருகே ஒளி மிகுதியாக இருந்தது. அவள் முட்டையை எடுத்துச் சென்று சாளரத்தின் கீழுள்ள பலகைமேல் வைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், வெளியே யாரோ அழைக்க, முட்டையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். அப்பலகைக்கு அருகிலேயே அடுப்பு இருந்தது. அடுப்பின்மேல் வண்ணம் தீட்டுவதற்குரிய கோழிமுட்டைகள் பெரிய பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கொதிநீரின் ஆவி சாளரக் கண்ணாடியெங்கும் துளித்துளியாகப் படிந்திருந்தது. சர்க்கரை முட்டையின் மேற்பாதி ஈரத்தால் இளகி, உட்புறமாகக் குழிந்திருந்தது. விளிம்பில் இருந்த பூவேலை கரைந்து பலகைமேல் வழிந்திருந்தது. அவள் அஞ்சி அதனைத் தூக்க முயன்றாள். மேற்பாதி அவள் விரல்களுக்கிடையே நொறுங்கிற்று.

மூதாட்டியார் வந்து பார்த்தார். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தார்.

“பாட்டி, நான் வேண்டுமென்று செய்யவில்லை” என்று கூறிச் சிறுமி விம்மினாள்.

“அறிவேன், கண்ணே. அடுப்பருகே வைக்கலாகாது என்று நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார் அவர். பின்னர்க் கீழ்ப்பாதியை மெல்லத் திருப்பி நோக்கினார். அடியில் இருந்த புல்லும் ஆட்டுக்குட்டியும் தப்பியிருந்தன. குட்டியின் ஒரு காது மட்டும் கரைந்துவிட்டது.

“இதனை எடுத்துப் புதிய முட்டைக்குள் வைக்கலாம், நாளை மறுநாளுக்குள் முடித்துவிடலாம்” என்றார் மூதாட்டியார்.

“நீங்கள் செய்யும்பொழுது நான் தொடவே மாட்டேன், பாட்டி.”

“நான் செய்யப் போவதில்லை, நீதான் செய்யப் போகின்றாய். என் தாய் எனக்கு முட்டை செய்து கொடுத்தார். அதனைச் செய்யக் கற்பிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. பின்னாளில் நான் அயலாரிடம் கேட்டுக் கற்றேன். உனக்கு நான் இருக்கின்றேன், இப்பொழுதே கற்றுக்கொள்.”

சர்க்கரை முட்டை செய்வதற்கு வேண்டும் பொருள்கள் மிகச் சில. சர்க்கரை, சிறிது நீர், நிறம் வேண்டுமாயின் உணவுக்குரிய வண்ணம் ஒரு துளி, முட்டையை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தாற்போன்ற ஓர் இரட்டை அச்சு ஆகியவை போதும். ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி நீர் விட்டு விரல்களால் நன்கு பிசற வேண்டும். சிலர் நீருக்கு மாற்றாக முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பர். பிசறிய சர்க்கரையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் அது பிடித்த வடிவில் நிற்க வேண்டும். கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவர்களுக்கு இப்பதம் நன்கு தெரியும். உலர்ந்த மணல் சரியும், நீர் மிகுந்த மணல் வழியும், ஈரமணலே வீடாகும்.

சர்க்கரையை மணலோடு ஒப்பிடுவது புதிதன்று. வடமொழியில் ‘சர்க்கரா’ என்னும் சொல்லுக்குப் பருக்கைக் கல், மணற்பரல் என்னும் பொருள்கள் உண்டு. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிப் பரல்பரலாக உறையச் செய்யும் முறையை உலகிற்கு உதவியது நம் பாரத நாடு. அப்பொருளோடு அச்சொல்லும் அராபியர் வழியாக மேலை நாடுகளுக்குச் சென்று, அந்நாட்டு மொழிகளில் சர்க்கரையின் பெயராக நிலைத்தது. நம் மொழியில் கற்கண்டு என்னும் பெயரிலும் கல் இருப்பதை நோக்குக. ஈஸ்டர் விழா மேலை நாட்டது. விழா முட்டைக்கு உடலாகிய சர்க்கரையோ கீழை நாட்டிலிருந்து சென்றது.

சிறுமி சர்க்கரையைப் பிசறினாள். அவள் உள்ளத்தில் பரபரப்பு மிகுந்திருந்தது. விரைவில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கருதி நீரைச் சற்று மிகுதியாக விட்டுவிட்டாள். மூதாட்டியார் அதனைக் கண்டார், ஆயினும் தடுக்கவில்லை. அச்சில் அமுக்கிப் பலகைமேல் கவிழ்த்தபொழுது சர்க்கரை அச்சைவிட்டு வரவில்லை. தட்டியபொழுது பாதி பலகையிலும் பாதி அச்சிலுமாகப் பிரிந்தது. இரண்டாம் முறை, நீரை அளந்து விட்டாள். அச்சின் உட்புறத்தில் சோளமாவைச் சிறிது தூவினாள். சர்க்கரையை இடைவெளி இல்லாதவாறு அமுக்கி, மேற்பரப்பைக் கத்தியால் சமமாக வழித்துக் கவிழ்த்தாள். இரண்டு பாதிகளும் சிறு குன்றுகளைப் போலப் பலகைமேல் நின்றன. இறுக இழுத்துப் பிடித்த நூலால் இரண்டின் கூர்முனைகளையும் ஒரே அளவாக அறுத்தாள். அவ்விடமே பின்னர்ச் சாளரமாக அமையும்.

இனிச் செய்ய வேண்டுவது காத்திருத்தலே. வெளிப்புறம் உலர்ந்து ஓடாக இறுக வேண்டும். உட்புறம் ஈரமாகவே இருக்க வேண்டும். அந்நிலையில் எடுத்துத் தேக்கரண்டியால் உள்ளீட்டைச் சுரண்டி நீக்கினால் கால் அங்குலப் பருமனுள்ள ஓடு எஞ்சும். பொறுமையற்றுச் சற்று முன்னரே எடுத்தால் ஓடு விரிசல் விடும். மறந்து நெடுநேரம் விட்டுவிட்டால் உட்புறமும் கல்லாகிவிடும். சிறுமி ஒரு மணி நேரத்துக்குள் மும்முறை சென்று பார்த்தாள். மூன்றாம் முறை ஒரு பாதியைக் கையில் எடுத்தும்விட்டாள். அது நடுவே பிளந்தது.

இப்பொழுது அவள் அழவில்லை. பிளந்த சர்க்கரையை உதிர்த்து, சில துளி நீர் தெளித்து, மறுபடியும் பிசறினாள். சர்க்கரை முட்டையில் ஒரு நன்மை உண்டு. உலர்ந்து முடியும்வரை செய்த பிழை எதுவும் வீண்போவதில்லை. சிதைந்ததையே மீண்டும் பிசைந்து அச்சில் இடலாம்.

“பாட்டி, சர்க்கரை எவ்வாறு தானாகவே இறுகுகின்றது? இதில் பசை ஒன்றும் சேர்க்கவில்லையே!” என்று காத்திருக்கும்பொழுது அவள் வினவினாள்.

இவ்வினாவுக்கு அறிவியல் நல்ல விடை தருகின்றது. சர்க்கரை நீரில் மிக எளிதிற் கரையும் பொருள். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். ஆதலால், நாம் விடும் சிறிதளவு நீர் ஒவ்வொரு சர்க்கரைப் பரலின் மேற்புறத்தையும் சற்றே கரைத்து, பரல்களுக்கிடையே கெட்டியான பாகாக நிற்கின்றது. காற்றுப் பட்டு நீர் ஆவியாகும்பொழுது, கரைந்த சர்க்கரை மீண்டும் உறைந்து, பரலுக்கும் பரலுக்கும் இடையே பாலமாகின்றது. சர்க்கரைக்குச் சர்க்கரையே பசை. உலர்ந்தபின் எஞ்சுவது ஒரே கட்டியான ஓடு. முட்டையின் வளைந்த வடிவமும் அவ்வோட்டுக்கு வலிமை தருகின்றது. கட்டடங்களின் வளைவு மேலே வரும் சுமையை இருபுறமும் பகிர்ந்து தாங்குவது போலவே முட்டையோடும் தாங்குகின்றது. ஆயின் நீராவி பட்டால், உறைந்த பாலங்கள் மீண்டும் கரைகின்றன. பழைய முட்டையை இவ்வாறு அழித்தது அடுப்பின் ஆவியே. மழைநாளில் சர்க்கரை முட்டை செய்தலாகாது என்று முதியோர் கூறுவதற்கும் இதுவே காரணம்.

வெள்ளிக்கிழமை காலையில் இட்ட ஓடுகள் நன்கு அமைந்தன. மூதாட்டியார், “இப்பொழுது எடு” என்று சொல்லவில்லை. சிறுமியே விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்து, ஓசையால் பதத்தை அறிந்தாள். ஒரு பாதியை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் உள்ளீட்டைச் சிறிதுசிறிதாகச் சுரண்டினாள். ஓடுகள் இரவு முழுவதும் உலர்ந்தன.

சனிக்கிழமை காலையில் ஒட்டும் பூச்சு ஆயத்தமாயிற்று. மாவாக அரைத்த சர்க்கரையை வெண்கருவோடு சேர்த்து நுரைக்க அடித்தால் வெண்மையான கட்டிப் பூச்சு கிடைக்கும். இதனை ராயல் ஐசிங் என்பர். பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருத்தல் கூடும் என்பது அறியப்பட்டபின், தூய்மை செய்து உலர்த்திய வெண்கருத் தூளையே பலரும் பயன்படுத்துகின்றனர். ஈரமுள்ளபோது வெண்ணெய்போல் வளைந்துகொடுக்கும் இப்பூச்சு, உலர்ந்தபின் சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகிவிடும். தேங்காய்த் துருவலில் பச்சை வண்ணம் கலந்து சிறுமி புல்தரை அமைத்தாள். பின்னர் மூதாட்டியார் பழைய முட்டையின் கீழ்ப்பாதியிலிருந்து ஆட்டுக்குட்டியை மெல்லிய கத்தியால் பெயர்த்து எடுத்தார். அப்பணி ஒன்றை மட்டும் அவர் தம் கையாலேயே செய்தார்.

“இதற்கு ஒரு காது செய்து ஒட்டட்டுமா, பாட்டி?”

மூதாட்டியார் சற்று எண்ணிப் பார்த்தார். “வேண்டாம், கண்ணே. என் தாய் செய்தது எவ்வளவு எஞ்சியதோ அவ்வளவே இருக்கட்டும். அதனைச் சூழ்ந்திருப்பது எல்லாம் நீ செய்தது” என்றார்.

சிறுமி பூச்சுத் துளி ஒன்றை வைத்து அதன்மேல் குட்டியை இருத்தினாள். கீழ்ப்பாதியின் விளிம்பில் பூச்சைத் தடவி மேற்பாதியைக் கவிழ்த்து மூடினாள். காகிதக் கூம்பில் பூச்சை நிரப்பி, இணைப்பு மறையும்படி முட்டையைச் சுற்றிலும் சாளரத்தைச் சுற்றிலும் சிறுசிறு பூக்களாகப் பிழிந்தாள். சில பூக்கள் பெரியனவாகவும் சில சிறியனவாகவும் அமைந்தன; ஒன்று கோணிற்று. ஆயினும் இணைப்பு நன்கு மறைந்தது. பணி முடிந்ததும் முட்டையை அடுப்பினின்று நெடுந்தொலைவில் கொண்டுபோய் வைத்தவள் அவளே.

ஈஸ்டர் நாளன்று உணவு மேசையின் நடுவே புதிய முட்டை இருந்தது. வழக்கம்போல வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே நோக்கினர். இறுதியில் மூதாட்டியார் நோக்கினார். பசும்புல்லின் மேல் ஒற்றைக் காதுடன் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. நிமிர்ந்து, பேத்தியின் தலையைத் தடவிக்கொடுத்து, “அடுத்த ஆண்டு உன் தம்பிக்கு நீ கற்றுக்கொடு” என்றார்.

ஒரு பொருளைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்துக் காக்கலாம். ஆயினும் அது என்றேனும் ஒருநாள் உடையும். அஃது எல்லாப் பொருள்களுக்கும் உரிய இயல்பு. அதனைச் செய்யும் வகையை ஒருவர் கையினின்று மற்றொருவர் கை கற்றுக்கொண்டால், உடைந்த இடத்தில் புதியது தோன்றும். அத்தாய் ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ஆட்டுக்குட்டிக்கு அவர் காணாத ஒரு சிறுமி புதிய வீடு கட்டிக்கொடுத்தாள். நம் இல்லங்களிலும் முதியோர் கையில் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. அவர்கள் செய்து தரும் பொருளைப் போற்றுவது நன்று. அவர்கள் அருகில் அமர்ந்து, பொறுமையோடு அத்தொழிலைக் கற்றுக்கொள்வது அதனினும் நன்று.